சந்தனமாரியின் லாகின்

புது சாஃப்ட்வேர் வந்த நாளிலிருந்து அந்த ஒரகடத்துத் தொழிற்சாலையில் யாரும் அதன் நிஜப் பெயரைச் சொன்னதில்லை. தலைமை அலுவலகம் அதற்கு வாயில் நுழையாத ஏதோ ஒன்றை வைத்திருந்தது. இரண்டாம் லைன் பெண்கள் ஒரே நாளில் அதைச் 'சுத்தல்' ஆக்கிவிட்டார்கள். திரை நடுவே ஒரு வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். அது நிற்பதற்குள் கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வரலாம்.

மற்றவர்களுக்கு அது தொல்லை. கலைமதிக்கு அது விரோதி. வடக்குப்பட்டுக்காரி, பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவள், இங்கே தரப் பிரிவில் பதின்மூன்று வருட சர்வீஸ். கார் கதவுக்கான கைப்பிடிகள் செய்யும் ஆலை அது. மோல்டு என்கிற அச்சிலிருந்து வரும் கைப்பிடிகளுக்குப் பெயின்ட் அடித்து, லைனில் இருபத்திரண்டு பெண்கள் ஸ்பிரிங்கும் ஸ்க்ரூவும் பூட்டி, பெட்டியில் அடுக்கி, டிரக்கில் ஏற்றுவார்கள். தேறாத கைப்பிடியை ஏன் கழித்தோம் என்று பதிந்துவைக்க வேண்டும். அதற்காகக் கலைமதியே பத்து வருடத்துக்கு முன்னால் எக்செல்லில் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தாள். பிசிறு என்றால் ஒன்று, கீறல் என்றால் இரண்டு, பெயின்ட் கொப்புளம் என்றால் மூன்று. இப்படி ஒன்பது வரை தமிழில் எழுதி ஒட்டியிருக்கும். எண் விசையில் ஒரு தட்டு தட்டினால் வேலை முடிந்தது. கையுறையைக் கழற்றக்கூட வேண்டாம்.

அது அவளுடைய முதல் பிள்ளை என்று ஜாஸ்மின் கிண்டல் செய்வாள். இரண்டாம் லைனின் லீடர் அவள், பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். கலைமதியும் மறுத்ததில்லை. பெற்ற பிள்ளையாவது எப்போதாவது பொய் சொல்வான்.

சுத்தலை மாட்ட வந்தவன் பகலவன். சென்னையிலிருந்து வந்த பையன், இருபத்தாறு வயது இருக்கும். அவனுடைய லேப்டாப்பின் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டாத இடம் இல்லை. கெட்டவன் இல்லை, எல்லோரிடமும் சிரித்துப் பேசுவான். ஆனால் கலைமதியின் எக்செல்லைத் திறந்து பார்த்த அன்று அவன் சிரித்த சிரிப்பை அவளால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

"மேடம், இன்னும் விபிஏ-வா? அதெல்லாம் லாங்குவேஜ்லயே சேர்த்தி இல்ல. மியூசியத்துல வைக்கணும்" என்றான்.

"பத்து வருசமா ஓடிக்கினு கீதுப்பா. ஒருநாள் நின்னதில்ல."

"மாட்டு வண்டி கூடத்தான் நிக்காம ஓடும்."

கேன்டீனில் அவனும் அவனோடு வந்த இன்னொருவனும் பைத்தான் உசத்தியா ஜாவாஸ்கிரிப்ட் உசத்தியா என்று சோறு ஆறும் வரைக்கும் சண்டை போடுவார்கள். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று கலைமதி மனதுக்குள் நினைத்துக்கொண்டே ரசத்தை ஊற்றிக்கொள்வாள். எந்த மொழியில் எழுதினால் என்ன, கேட்ட கேள்விக்கு உண்மையைப் பதிலாகச் சொல்ல வேண்டும். அவளுடைய கட்சி அவ்வளவுதான். அவளுடைய எக்செல்லுக்கு அழகு கிடையாது, வண்ணம் கிடையாது, ஆனால் தப்பு நடந்தால் கண்ணெதிரே நின்று கத்தும். சுத்தலோ தப்பை விழுங்கிவிட்டுப் பச்சை நிறத்தில் 'நன்றி' என்று காட்டியது.

சுத்தல் வந்ததும் எக்செல்லுக்குத் தடை போட்டார்கள். சுத்தலில் லாகின் ஆக நாலு நிமிடம். இரண்டு நிமிடம் தொடாவிட்டால் தானே மூடிக்கொள்ளும். காரணங்கள் அறுபத்து நாலு, எல்லாம் இங்கிலீஷில், அகர வரிசையில். விரலால் தள்ளித்தான் தேட வேண்டும், பருத்திக் கையுறை விரலை அந்தத் திரை மதிக்காது. கையுறையைக் கழற்றினாலோ பெயின்ட்டில் ரேகை பதிந்து அடுத்த கைப்பிடி வீண். இதையெல்லாம் கலைமதி எழுதியே கொடுத்தாள். பிளான்ட் மேனேஜர் கோபால் அதைப் படித்துவிட்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பழகிக்கச் சொல்லும்மா" என்றார். கூடம் கோணலாக இருந்தால் ஆடத் தெரிந்தவளும் விழத்தான் செய்வாள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன. வாங்கியவர்கள் மேலே இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே கலைமதி ஒரு வழி கண்டுபிடித்தாள். அதுதான் பின்னால் எல்லா வினைக்கும் காரணமானது. காலை ஷிஃப்டில் முதலில் வருகிறவள் தன் ஐடியில் லாகின் ஆகட்டும். கீபோர்டின் ஓரத்து விசைமேல் ஒரு கழித்த கைப்பிடியை எடைக்கு வைத்துவிட்டால் சுத்தல் மூடிக்கொள்ளாது. அப்புறம் யாருக்கு எது தேறாவிட்டாலும் கையுறையோடு வந்து என்டரை இரண்டு தட்டு தட்டினால் போதும். பட்டியலில் முதலில் நிற்கும் காரணம் பதிவாகும். எண்ணிக்கை சரியாக இருந்தால் சரி, லைன் நிற்கக் கூடாது. இதை இருபத்திரண்டு பேருக்கும் அவளே நின்று செய்து காட்டினாள். நைட் ஷிஃப்ட்காரர்களும் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

தினமும் முதலில் வருகிறவள் சந்தனமாரி. தூத்துக்குடிப் பக்கத்து ஊர்க்காரி, பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்து மூன்றாவது வருடம். ஆள் அனுப்பும் ஏஜென்சியின் ஹாஸ்டலில் ஒரு அறைக்கு எட்டுப் பேர். ஒரே குளியலறைக்கு அடித்துக்கொள்ள முடியாமல் நாலு மணிக்கே எழுந்து குளித்துவிட்டு முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். இந்த முறை நிரந்தரம் ஆகப்போகிற நாலு பேரில் அவள் பெயரும் இருந்தது. பட்டியலின் முதல் காரணமோ 'அசெம்பிளி: ஆப்பரேட்டர் தவறு'.

ஒரு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, சந்தனமாரி கையில் ஒரு கடிதத்தோடு தரப் பிரிவு மேஜைக்கு வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, இதுல என்ன எழுதிருக்குன்னு சரியா சொல்லுங்க. நான் வாசிச்சது தப்பா இருக்கட்டும்."

அவள் வாசித்தது தப்பாக இல்லை. ஒரே மாதத்தில் ஆயிரத்து முந்நூற்று இருபத்தாறு கைப்பிடிகள் அவளுடைய தவறால் கழிந்திருக்கின்றனவாம். திறன் போதவில்லையாம். சனிக்கிழமையோடு பயிற்சி முடிகிறதாம். சனிக்கிழமை வேலை போனால் சனிக்கிழமையே ஹாஸ்டல் கட்டிலும் போகும், அது ஏஜென்சிக் கணக்கு.

"ஊர்ல தங்கச்சி காலேஜ்ல சேர்ந்துருக்கா. நிரந்தரம் ஆயிரும்னு நாந்தான் சேத்துவிட்டேன்" என்றாள் சந்தனமாரி. அழவில்லை. "நான் வேலை தெரியாதவளாக்கா?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் செய்தவள் இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பழி எதிரே நின்றுகொண்டிருந்தது. மூன்று ஷிஃப்டின் கழிவும் ஒருத்தி தலையில் ஏறும் என்று டிப்ளமோ படித்தவளுக்குத் தோன்றாமல் போயிற்றே என்று கலைமதிக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் எழுந்து கோபாலின் அறைக்குப் போனாள்.

அங்கே பகலவனும் இருந்தான். திரையில் சந்தனமாரியின் பெயர் சிவப்புக் கட்டத்தில் எரிந்துகொண்டிருந்தது. கோபால் ஒரு தாளை நகர்த்தினார். "வந்துட்டியா, நல்லது. தரப் பிரிவு சார்பா ஒரு கையெழுத்து போடும்மா."

"போட மாட்டேன் சார்" என்றாள் கலைமதி. "அந்த நம்பர் பொய்."

"சிஸ்டம் சொல்லுது."

"சிஸ்டம் இன்னா சொல்லுதுன்னு முழுசா படிங்க. அந்தப் பொண்ணு காலைல ஏழு மணிக்கும் தப்பு பண்ணியிருக்குது, ராத்திரி ரெண்டு மணிக்கும் தப்பு பண்ணியிருக்குது. இருபத்தாறு நாளும் தூங்கவே இல்ல. ஒரு ஆள் இருபத்துநாலு மணி நேரமும் லைன்ல நிக்க முடியுமான்னு உங்க சாஃப்ட்வேருக்கு ஒரு சந்தேகம்கூட வரலியா தம்பி?"

பகலவன் திரையைப் பார்த்தான். முகம் மாறியது. "அப்ப ஷேர்டு லாகினா? மேடம், அது பெரிய வயலேஷன். யார் இப்படிச் செய்யச் சொன்னது?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. லைன்காரிகள் தாங்களாகவே செய்தார்கள் என்றால் யாரும் மறுத்துப் பேசப் போவதில்லை. கலைமதிக்கு வீட்டில் கடன் இல்லாமலும் இல்லை, வேறு வேலை காத்திருக்கவும் இல்லை.

"நான்தான்" என்றாள். "நானே நின்னு காட்டிக் குடுத்தேன். எம்பேர்ல எழுதிக்குங்க. அந்தப் பொண்ணு லெட்டரைக் கிழிச்சுப் போடுங்க."

கோபாலும் லைனில் ஸ்க்ரூ முடுக்கி மேலே வந்தவர்தான். ஆனால் மேலே வந்த பிறகு மேலே பார்த்தே பழகிவிட்டார். கலைமதிக்கு ஒரு மெமோ. நாளையிலிருந்து அவரவர் ஐடியில் அவரவரே பதிய வேண்டும், அறுபத்து நாலு காரணத்தையும் படித்துச் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், 'பதிவாயிற்று' என்று வரும்வரை இடத்தைவிட்டு நகரக் கூடாது, குறை எவ்வளவு சின்னதானாலும் துடைத்துவிட்டு அனுப்பக் கூடாது, பதிய வேண்டும். இதை ஒரு சுற்றறிக்கையாகவே அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

"சந்தனமாரி லெட்டர்?"

"அது ரெக்கார்டு ஆயிடுச்சும்மா. மாத்த முடியாது."

பகலவனும் தலையாட்டினான். "ஒரு தடவை பதிவானா எடிட் ஆப்ஷனே கிடையாது மேடம். அதுதான் இந்த சிஸ்டத்தோட பியூட்டி. யாராலயும் கை வைக்க முடியாது."

கலைமதி வெளியே வந்தாள். ஒரு பெண்ணின் வயிற்றில் அடிப்பதற்குப் பெயர் அழகாம். சுற்றறிக்கையைக் கொண்டுபோய் ஜாஸ்மினிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னாள். ஜாஸ்மின் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு பசை தடவி லைன் தலைமாட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டினாள்.

"இன்னாடி பண்ணப் போற?"

"இன்னா பண்றது. சார் கையெழுத்துப் போட்டுக் குடுத்துகிறாரு. ஒரு எழுத்து மாறாம செய்வோம்" என்றாள் ஜாஸ்மின்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு லைன் ஓடத் தொடங்கியது. ஆறு மணி ஏழு நிமிடத்துக்கு முதல் கைப்பிடி தேறவில்லை. ஓரத்தில் ஊசி முனையளவு தூசி. வழக்கமாகத் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு அனுப்புவார்கள். அன்று லைனில் நின்ற கலையரசி அதைக் கையில் ஏந்திக்கொண்டு, கையுறைகளைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றாள். தன் ஐடி அட்டையைக் காட்டினாள். வட்டம் சுற்றியது. நாலு நிமிடம். அறுபத்து நாலு காரணங்களையும் முதலிலிருந்து கடைசிவரை விரல் வைத்துப் படித்தாள். 'பதிவாயிற்று' வந்ததும் வெளியேறி, கையுறை மாட்டி, இடத்துக்குத் திரும்பினாள். அவள் இடம் காலியாக இருந்தவரை கைப்பிடிகளை நகர்த்தும் பெல்ட் நின்றது.

அவள் திரும்புவதற்குள் அங்கே மூன்று பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். எட்டு மணிக்கு வரிசையில் ஒன்பது பேர், ஆளுக்கொரு கைப்பிடியோடு, ரேஷன் கடையில் பை பிடித்து நிற்பது போல. யாரும் கோஷம் போடவில்லை. யாரும் வேலையை நிறுத்தவும் இல்லை. சொன்னதைச் செய்தார்கள், அவ்வளவுதான். சந்தனமாரியும் தன் முறை வந்தபோது நின்று, படித்து, பதிந்துவிட்டுப் போனாள். கலைமதி தரப் பிரிவு மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வருடத்தில் லைன் அவ்வளவு அமைதியாக இருந்ததை அவள் கண்டதில்லை. அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது, அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

பதினொரு மணிக்கு ஆயிரத்து இருநூறு ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் நானூற்று முப்பது இருந்தது. கார் கம்பெனியின் டிரக் வாசலில் வந்து நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்தது. அங்கே கைப்பிடி போய்ச் சேராவிட்டால் அவர்களுடைய லைன் நிற்கும். அவர்களுடைய லைன் நின்றால் கோபாலின் நாற்காலி ஆடும். கோபால் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார். பின்னாலேயே லேப்டாப்பைத் திறந்தபடி பகலவன்.

"ஜாஸ்மின், என்ன நடக்குது இங்க?"

ஜாஸ்மின் சுவரில் ஒட்டியிருந்ததைக் காட்டினாள். "உங்க சர்க்குலர் சார். எதையாச்சும் விட்டுட்டமான்னு பாருங்க."

அவர் பார்த்தார். எதையும் விடவில்லை. கலைமதி பக்கம் திரும்பினார். "கலைமதி, உன் பழைய எக்செல் இருக்கில்ல? இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் அதைப் போடும்மா. டிரக்கை அனுப்பிட்டு அப்புறம் பேசிக்கலாம்."

"கீது சார். ரெண்டு நிமிசத்துல போடுவேன். மாரி பேரை அந்த ரெக்கார்டுலேர்ந்து எடுங்க, போடறேன்."

"அதான் முடியாதுன்னு சொன்னாரே."

"அப்ப இதுவும் முடியாது சார். மெமோ வாங்கினவ நான், தடை பண்ண எக்செல்லை எப்படித் தொடறது?"

டிரக் மறுபடியும் ஹாரன் அடித்தது. கோபால் பகலவனைப் பார்த்தார். பகலவன் நெற்றியைத் தேய்த்தான். "எடிட் ஆப்ஷன் இல்ல சார். ஆனா பின்னாடி டேட்டாபேஸ்ல நேரா..." என்று இழுத்தான். லேப்டாப்பை ஒரு பெட்டிமேல் வைத்து, கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, ஒரே ஒரு வரி அடித்தான். அந்த மாதத்துக் கழிவெல்லாம் சந்தனமாரியின் பெயரிலிருந்து 'லைன் இரண்டு' என்ற பெயருக்கு மாறியது. பத்து விநாடி ஆகியிருக்கும்.

கலைமதி எட்டிப் பார்த்தாள். அந்த வரி அவளுக்குப் புரிந்தது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படித்தது.

"இன்னா லாங்குவேஜ் தம்பி இது?"

"எஸ்க்யூஎல் மேடம்."

"நீ பொறக்குறதுக்கு முன்னாலேர்ந்து கீதே. மியூசியத்துல வைக்கலியா?"

பகலவன் காது சிவந்து தலையைக் குனிந்துகொண்டான். கலைமதிக்குச் சிரிப்பு வரவில்லை. யாராலும் கை வைக்க முடியாது என்று நேற்று சொன்னது ஒரு வரியில் முடிந்துவிட்டது. அந்த ஒரு வரிக்காக ஒருத்தி இரவெல்லாம் தூங்காமல் கிடந்திருக்கிறாள். டிரக் வராவிட்டால் அந்த வரியை எழுத இவனுக்குக் கை வந்திருக்காது.

கோபால் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா சந்தனமாரி, உன் பேர் போயிடுச்சு. லெட்டரையும் திரும்ப வாங்கிக்கறேன். எல்லாரும் லைனுக்குப் போங்க. கலைமதி, எக்செல்லை ஏத்து."

கலைமதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது என்றுதான் அவளும் நினைத்தாள். அப்போது வரிசையிலிருந்து சந்தனமாரி முன்னால் வந்தாள். சேர்ந்த நாளிலிருந்து மேனேஜரிடம் அவள் பேசியது 'சரிங்க சார்' என்கிற இரண்டு வார்த்தைதான்.

"சார், காரணம் மாறலையே. அந்தப் பக்கத்துல 'ஆப்பரேட்டர் தவறு'ன்னுதான இருக்கு."

"உன் பேர்தான் இல்லையேம்மா."

"எம்பேர் இல்ல சார். லைனுன்னு போட்டுருக்காங்க. அப்பம் ஒருத்தி செஞ்சதா போட்ட தப்ப இருவத்திரெண்டு பேரு செஞ்சாங்கன்னு ஆச்சு. அடுத்த மாசம் இன்னொருத்தி கைல லெட்டர் குடுப்பீங்க."

கலைமதியின் கை கீபோர்டில் நின்றது. இது அவளுக்கே தோன்றியிருக்கவில்லை.

"கழிச்ச கைப்பிடி பூரா பின்னால ஷெட்டுல மூட்டையில கெடக்கு சார். எடுத்துப் பாருங்க. முக்காவாசி மோல்டு பிசிறு, மிச்சம் பெயின்ட். நான் செஞ்ச தப்பு ஆறு. ஸ்க்ரூ முடுக்காம விட்டது நாலு, கீழ போட்டது ரெண்டு. அத நான் ஒத்துக்கிடுதேன். அந்த ஆறயும் எம்பேர்லயே திரும்பப் போடச் சொல்லுங்க. மிச்சத்துக்கு எது காரணமோ அதப் போடுங்க."

"டிரக் வாசல்ல நிக்குதும்மா. ஆயிரத்து முந்நூறு பீஸை இப்ப உக்காந்து பார்க்க முடியுமா?"

"நிக்கட்டும் சார்" என்றாள் சந்தனமாரி.

கோபால் லைனைத் திரும்பிப் பார்த்தார். இருபத்தொரு பேரும் அவரைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். ஒருத்தியும் கையுறையை மாட்டவில்லை.